மருந்துப் புட்டி வீட்டுக்குள் வரலாமா?

பண்டசோழநல்லூரிலிருந்து வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அரைக் காணி சொந்த நிலம், ஒரு காணி குத்தகை, நெல்லும் கொஞ்சம் மணிலாவும் வைக்கிற குடும்பம். நாலு வயதில் பெண், ஒன்றரை வயதில் பையன். கணவனும் மனைவியும் கழனிக்குப் போய்விட்டால் மாமியார்தான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். மோட்டார் கொட்டகையில் வைத்தால் திருட்டுப் போகிறது என்று பூச்சி மருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைப்பது வழக்கம். போன வாரம் மீதி மருந்து ஊற்றி வைத்திருந்த குவாட்டர் பாட்டில் ஒன்றைப் பையன் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். மூடி இறுக்கமாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. "மருந்தை வேறு எங்கே வைப்பது? பிள்ளை இருக்கிற வீட்டில் வேறு என்னென்ன பார்க்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

சொர்ணவாரி, சம்பா, நவரை என்று ஆண்டு முழுவதும் வேலை நடக்கும் நெட்டப்பாக்கம், வில்லியனூர், பாகூர் பகுதிகளில் பல வீடுகளில் இதே நிலைமைதான். சுருக்கமான பதில்: பூச்சி மருந்து வீட்டுக்குள் வரவே கூடாது. ஆனால் புட்டியை மட்டும் வெளியே வைத்துவிட்டால் போதாது. உடுப்பு, கை, தண்ணீர், விதை, எலி மருந்து என்று வேறு வழிகளிலும் அது பிள்ளையிடம் வந்து சேரும்.

சின்னப் பிள்ளைக்கு ஏன் ஆபத்து அதிகம்?

நஞ்சின் வேகத்தை உடல் எடைக்குத்தான் கணக்கிடுவார்கள். 60 கிலோ எடையுள்ள பெரியவருக்குத் தலைசுற்றலோடு போகும் அளவு, 10 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 6 மடங்கு ஆகிவிடும். பிள்ளையின் தோல் மெல்லியது. தரையில் தவழ்ந்து, கையில் கிடைத்ததை வாயில் வைத்துப் பார்ப்பது அந்த வயதின் இயல்பு. "தொடாதே" என்று எத்தனை முறை சொன்னாலும் ஒன்றரை வயதில் அது நிற்காது. ஆகவே பிள்ளையைத் திருத்துவதைவிட இடத்தைத் திருத்துவதே வழி. பேரப் பிள்ளைகளோடு நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டியின் மேல் இந்தச் சுமை முழுவதையும் போடுவதும் நியாயம் ஆகாது.

முக்கோணத்தின் நிறம்

மருந்துப் புட்டியின் லேபிளில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப் பாதி முக்கோணத்தின் நிறம் நஞ்சின் அளவைச் சொல்லும். சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு, மஞ்சள் என்றால் கடும் நஞ்சு, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த நஞ்சு. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையில் உடல் எடை கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் பாதி எலிகள் இறந்தால் அது சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை.

இந்தக் கணக்கைப் பிள்ளையின் எடைக்கு வைத்துப் பார்க்கலாம். சிவப்பு முக்கோண மருந்தில் 10 கிலோ பிள்ளைக்கு அரை கிராம் நஞ்சு கூட மிக அதிகம். மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்எல் மருந்து ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய 1.8 கிராம் நஞ்சு இருக்கிறது. புட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருப்பதே ஆபத்து என்பது இதனால்தான். பச்சை முக்கோணம் என்பதற்காக எட்டும் இடத்தில் வைக்கலாம் என்றும் அர்த்தம் இல்லை.

2013 ஜூலை 16ஆம் தேதி பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் கண்டாமன் என்ற கிராமத்தின் தொடக்கப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது தடயவியல் சோதனையில் தெரிந்தது. முன்பு பூச்சி மருந்து இருந்த கலத்தில் அந்த எண்ணெயை வைத்திருந்ததாக அதிகாரிகள் சொன்னார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. மருந்து இருந்த கேனைக் கழுவிவிட்டு மண்ணெண்ணெய்க்கும் தண்ணீருக்கும் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் ஊர்களிலும் இருக்கிறது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறியில் அடிக்க 2005லேயே தடை வந்தது. 36 எஸ்எல் மருந்துக்கு 2023ல் மத்திய அரசு தடை ஆணை போட்டது. பழைய புட்டி வீட்டில் எங்காவது கிடந்தால் வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்றிவிடாமல், அருகிலுள்ள உழவர் உதவியகத்தில் சொல்லி, என்ன செய்வது என்று கேட்டு நடக்க வேண்டும்.

மருந்து பிள்ளையிடம் வரும் வழிகள்

1. மீதி மருந்து. சிறு விவசாயிக்கு வேண்டியது 60 மில்லி. கடையில் கையில் கிடைப்பது 250 மில்லி. மீதியை எறிய மனம் வருவதில்லை. பக்கத்துக் கழனிக்காரர் கொஞ்சம் கேட்டால் குவாட்டர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றிக் கொடுப்பார்கள். லேபிள் இல்லை, நிறம் மட்டும் குடிக்கிற பானம் போல இருக்கும். பிள்ளைகள் எடுத்துக் குடிப்பது பெரும்பாலும் இப்படி மாற்றி ஊற்றிய பாட்டில்களைத்தான். மருந்து அதன் சொந்தப் புட்டியில் மட்டுமே இருக்க வேண்டும். வாங்கும்போதே ஒரு தெளிப்புக்கு மட்டும் போதுமான சிறிய புட்டியாகக் கேட்க வேண்டும். சிறிய புட்டி இல்லையென்றால், அதே நாளில் மருந்து அடிக்க இருக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்றை வாங்கி, கழனியிலேயே அளந்து கலந்து தீர்த்துவிடலாம். மீதி இல்லையென்றால் வைக்க இடம் தேட வேண்டியதும் இல்லை.

2. உடுப்பும் கையும். மருந்து அடித்துவிட்டு வீட்டு வாசலில் கால் வைத்ததும் பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். கைலியில் இருக்கும் மருந்து அப்போது பிள்ளையின் கன்னத்துக்குப் போகிறது. மருந்து அடிக்கும் நாளில் மாற்றுத் துணியைக் கழனிக்கே கொண்டுபோய், போரில் சோப்புப் போட்டுக் குளித்து, துணி மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வர வேண்டும். அடித்த துணியைத் தனிப் பையில் வைத்து, மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனி வாளியில் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். பிள்ளையின் துணியோடு சேர்த்து ஊறவைக்கவே கூடாது. துவைப்பவர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. செல்போனையும் மறக்கக் கூடாது. மருந்து கலக்கிய கையால் எடுத்துப் பேசிய போனைத்தான் பிள்ளை அழுதால் பாட்டுப் போட்டுக் கையில் கொடுக்கிறோம். அன்று போனைக் கரையில் ஒரு பையில் போட்டு வைப்பது எளிது.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் மருந்து கலக்கும் வேலையோ அடிக்கும் வேலையோ செய்யக் கூடாது. 18 வயது ஆகாத பிள்ளைகளைத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட மருந்து இருக்கும் இடத்துக்கு அழைக்கக் கூடாது.

3. கழனிக் கரை. களை எடுக்கப் போகும் அம்மா, மரத்தில் ஏணை கட்டிப் பிள்ளையைப் போடுவது பல காலமாக இருக்கும் வழக்கம். பக்கத்துக் கழனியில் பவர் ஸ்பிரேயர் ஓடினால் காற்றில் பறக்கும் துளிகள் ஏணை வரை வரும். அடிக்கிறவர் ஒரு நாள் முன்னதாகப் பக்கத்துக் கழனிக்காரர்களுக்குச் சொல்வதும், கேட்டவர் அன்று பிள்ளையை அழைத்துவராமல் இருப்பதும் நல்ல வழக்கம். அடித்த கழனிக்குள் குறைந்தது ஒரு நாளாவது பிள்ளைகளை விடக் கூடாது. ஒரே வண்டியில் முன்னால் பிள்ளை, பின்னால் மருந்து என்று வருவதும் வேண்டாம்.

4. தண்ணீர். போர் தண்ணீர் விழும் தொட்டியில்தான் பிள்ளைகள் கோடையில் குதித்து விளையாடுகிறார்கள். அதே தொட்டியில் டேங்கைக் கழுவினால் மருந்து தண்ணீரில் தங்கும். டேங்கைக் கழனியிலேயே மூன்று முறை கழுவி, கழுவிய தண்ணீரை அடித்த பயிர் மேலேயே தெளித்துவிட வேண்டும். காலிப் புட்டியையும் மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை டேங்கில் ஊற்றிவிட்டு, ஓட்டை போட்டு நசுக்கி, குடியிருப்புக்கும் கிணற்றுக்கும் தூரமாகப் புதைக்க வேண்டும். உடைத்துப் புதைக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. ஓட்டை போட்ட கேனை யாரும் எண்ணெய்க்கு எடுக்க மாட்டார்கள்.

5. விதையும் குருணையும். விதைநேர்த்தி செய்த மணிலா மீதியாகிவிட்டால் கழுவி வறுத்துத் தின்னலாம் என்று நினைப்பது தவறு. கழுவினாலும் வறுத்தாலும் மருந்து போகாது. நேர்த்தி செய்த விதையில் நிறம் கலந்திருப்பது இதைத் தெரிவிக்கத்தான். பிள்ளைக்கோ அந்த நிறமே மிட்டாய் போலத் தெரியும். விதைக்க வேண்டிய அளவுக்கு மட்டும் நேர்த்தி செய்து, அன்றே விதைத்துவிட வேண்டும். நாற்றங்காலுக்கு வாங்கிய குருணை மருந்தின் பாதிப் பையை மாட்டுத் தீவனத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

6. எலி மருந்து. தேங்காய்ச் சில்லு, பிஸ்கட், தக்காளி என்று எலிக்கு வைக்கும் இரை எல்லாம் பிள்ளைக்கும் பிடித்தவை. எலி பேஸ்ட்டில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸைத் தின்ற பிள்ளை முதல் நாள் வாந்தி எடுத்துவிட்டுத் தேறிவிட்டது போல இருக்கும். இரண்டு மூன்று நாளில் கல்லீரல் பழுதாகும். அதற்கு மாற்று மருந்து இல்லை. 3 சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்டைத் தமிழ்நாடு அரசு நிரந்தரமாகத் தடை செய்திருக்கிறது. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் எந்த எலி மருந்தும் வேண்டாம். கூண்டுப் பொறியும் கிட்டியும் போதும்.

மருந்தை எங்கே வைப்பது?

திருட்டுப் பயம் நியாயமானதுதான். பழைய இரும்புப் பெட்டி ஒன்றை மோட்டார் கொட்டகைச் சுவரில், பெரியவரின் தோள் உயரத்துக்குச் சட்டம் அடித்துப் பொருத்தி, சங்கிலியும் பூட்டும் போட்டால் திருட்டும் குறையும், பிள்ளையின் கையும் எட்டாது. கொட்டகை இல்லாதவர்கள் வீட்டுக்கு வெளியே, பின்பக்கச் சுவரில், மழையும் வெயிலும் படாத இடத்தில் அதே போலப் பொருத்தலாம். சமையல் கட்டு, படுக்கும் அறை, நெல் குதிர், மாட்டுக் கொட்டகை ஆகிய நான்கு இடங்களும் ஆகாது. சாவி ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும். ஆணியில் மாட்டி வைத்தால் நாலு வயதுப் பிள்ளை நாற்காலி போட்டு எடுத்துவிடும். அளவுக் குவளை, கலக்கும் வாளி, கையுறை, அடிக்கும்போது போடும் சட்டை எல்லாம் அதே பெட்டியோடு இருக்க வேண்டும். வீட்டு மக்கும் டம்ளரும் மருந்து அளக்க எடுக்கக் கூடாது.

இந்த ஏற்பாட்டை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வது நல்லது. மருந்து வாங்குவது கணவராக இருந்தாலும், அது எங்கே இருக்கிறது, என்ன பெயர் என்பது மனைவிக்கும் மாமியாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவசர நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

மருந்தே குறைந்தால்

இருக்கும் வழிகளில் எல்லாம் சிறந்தது, தேவையில்லாத தெளிப்பை விட்டுவிடுவது. நெல்லில் நாலு இலை சுருண்டதும் டேங்கைத் தூக்க வேண்டியதில்லை. தூர் கட்டும் பருவத்தில் இலைச் சுருட்டுப் புழுவால் 10 சதவீத இலைகள் பாதிக்கப்பட்டால்தான் மருந்து அடிக்க வேண்டும். பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் 5 சதவீதம். குருத்துப் பூச்சிக்கு 10 சதவீதம் குருத்து காய்ந்திருக்க வேண்டும், அல்லது 2 சதவீதம் வெண்கதிர். புகையானில், சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 பூச்சி, சிலந்தி இருந்தால் 2 பூச்சி வரை பொறுக்கலாம். செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகளையும் குயினால்பாஸையும் அடித்தால் சிலந்திகள் அழிந்து புகையான் திரும்பப் பெருகும். காசும் போய், மறுபடி ஒரு புட்டியும் வரும்.

அடித்தே ஆக வேண்டும் என்றால் கடையில் மருந்தின் பெயரோடு முக்கோணத்தின் நிறத்தையும் கேட்க வேண்டும். குருத்துப் பூச்சிக்கும் இலைச் சுருட்டுப் புழுவுக்கும் பச்சை முக்கோணத்தில் குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்சி இருக்கிறது. ஏக்கருக்கு 60 மில்லி போதும். தொடக்கத்திலேயே கவனித்தால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலும் உதவும். 100 லிட்டர் கரைசலுக்கு 5 கிலோ பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, 200 கிராம் சோப்புக் கலந்து மாலையில் அடிக்க வேண்டும்.

வேம்பு என்றால் பிள்ளைக்கு எதுவும் ஆகாது என்று நினைக்க வேண்டாம். கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது. மலேசியாவில் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் அப்படிக் கொடுத்த குழந்தைகளுக்கு வாந்தியும் வலிப்பும் வந்து, மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் 1980களின் தொடக்கத்திலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

நடந்துவிட்டால் என்ன செய்வது?

வாயில் எச்சில் வழிவது, கண்ணீர், வியர்வை, வாந்தி, பேதி, கண்ணின் கருமணி ஊசிமுனை போலச் சுருங்குவது, தசை துடிப்பது, மூச்சு வாங்குவது ஆகியவை பாஸ்பரஸ் வகைப் பூச்சி மருந்தின் அறிகுறிகள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சந்தேகம் வந்த உடனே:

1. வாயில் மிச்சம் இருந்தால் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மருந்திலும் மண்ணெண்ணெயிலும் வாந்தி நுரையீரலுக்குப் போனால் ஆபத்து இரட்டிப்பாகும்.

2. பால், மோர், புளித்தண்ணீர், எண்ணெய் எதுவும் கொடுக்கக் கூடாது. சில நஞ்சுகளை அவை இன்னும் வேகமாக உடம்பில் ஏற்றும்.

3. உடம்பில் பட்டிருந்தால் துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் சுத்தமான தண்ணீர் விட வேண்டும்.

4. மயக்கமாக இருந்தால் இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும்.

5. 108க்குப் பேச வேண்டும். நெட்டப்பாக்கம் ஆரம்ப சுகாதார நிலையம், கரிக்கலாம்பாக்கம் சமுதாய நலவழி மையம் என்று எது பக்கமோ அங்கே முதலில் போய், அங்கிருந்து ஜிப்மருக்கோ பெரிய மருத்துவமனைக்கோ அனுப்பினால் உடனே போக வேண்டும்.

6. மருந்துப் புட்டியை லேபிளோடு கையில் எடுத்துப் போக வேண்டும். பாஸ்பரஸ் வகை மருந்துக்கு அட்ரோபின் ஊசி உண்டு. எலி மருந்தில் புரோமாடியோலோனுக்கு வைட்டமின் கே உண்டு. எது என்று தெரிந்தால்தான் மருத்துவர் எதைக் கொடுப்பது என்று முடிவு செய்ய முடியும். பெயர் தெரியாத குவாட்டர் பாட்டில் அங்கேயும் கெடுதல்தான்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இருக்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லாத எண் 1800 116 117. எந்த நேரமும் பேசலாம். பயிர் மருந்து பற்றிய சந்தேகத்துக்குக் கிசான் கால் சென்டர் எண் 1800 180 1551; தமிழிலேயே பேசலாம்.

இதையொட்டி வந்த மற்றக் கேள்விகள்

கேள்வி: பிள்ளையின் தலையில் பேன் அதிகம். வயல் மருந்தை நாலு சொட்டு எண்ணெயில் கலந்து தடவலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. தலைத் தோல் வழியாக மருந்து நேராக உடம்பில் ஏறும். சொறிந்த புண் இருந்தால் இன்னும் வேகம். பேனுக்கென்று பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் இருக்கிறது. சுகாதார நிலையத்தில் கேட்டு, பிள்ளையின் வயதைச் சொல்லி வாங்க வேண்டும். ஈர முடியைப் பேன் சீப்பால் வாருவதை இரண்டு வாரம் விடாமல் செய்தால் மருந்தில்லாமலும் குறையும். வீட்டில் எல்லோருடைய தலையையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். நாய், ஆடுகளின் உண்ணிக்கும் வயல் மருந்து வேண்டாம். கால்நடை மருத்துவரைக் கேட்கலாம்.

கேள்வி: நெல் மூட்டையில் வண்டு விழுகிறது. மாத்திரை வைக்கலாம் என்கிறார்கள். அதே அறையில்தான் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

பதில்: அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு வெளிவரும். 3 கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து 1 கிராம் வாயு. மூடிய அறையில் தூங்குபவர்களின் உயிரையே எடுக்கும். அரசு நிறுவனங்களும் அனுமதி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களும் மட்டுமே இதைப் பயன்படுத்தலாம். வீட்டுக்கு விற்பதே தவறு. நெல்லை நன்றாக வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகு, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கினால் வண்டு குறையும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த குழாய் வடிவப் பூச்சிப் பொறியைத் தானியத்துக்குள் செருகி வைத்தால் வண்டுகள் அதில் விழும். எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரியும்.

கேள்வி: தோட்டத்தில் கத்தரிக்கு மருந்து அடித்தோம். எத்தனை நாள் கழித்துப் பிள்ளைக்குச் சமைக்கலாம்?

பதில்: காத்திருக்க வேண்டிய நாள்கள் மருந்துக்கு மருந்து மாறும். லேபிளில் பயிரின் பெயருக்கு நேராக அது அச்சாகியிருக்கும். பயிரின் பெயரே லேபிளில் இல்லையென்றால் அந்த மருந்தை அந்தப் பயிருக்கு அடிக்கவே கூடாது. வீட்டுக்கென்று பத்துச் செடி வைப்பவர்கள் மருந்தைத் தொடாமல் இருப்பதே நல்லது. காய்ப்புழு துளைத்த தண்டையும் காயையும் வாரம் ஒருமுறை பறித்து எரித்தால் பாதி வேலை முடிந்துவிடும். சொத்தைக் காயை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.